பாட்டிலில் மிச்சமிருந்த சிவப்பு

போன வாரம் கூட வேலை செய்யும் பெண்ணின் கல்யாண விருந்து. புதுச்சேரி விருந்து உங்களுக்குத் தெரியுமே, சிவப்பு ஒயின் இல்லாமல் முடியாது. கிளாஸை என் பக்கம் நகர்த்தினார்கள். வாடை வந்ததும் என் கை தானாகப் பின்னுக்குப் போய்விட்டது. "மத்மசேல் கட்டுப்பெட்டி போல" என்று யாரோ பிரெஞ்சு மரியாதையில் என்னைக் கூப்பிட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். கட்டுப்பெட்டிதான். ஆனால் பட்டப்பகலில், நடுத்தெருவில், ஒயின் பாட்டிலை வாயில் கவிழ்த்த கட்டுப்பெட்டி.

அப்போது கடல் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் ஆஸ்பத்திரி லேப்பில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, கண்ணாடித் துண்டில் தேய்த்து, மலேரியாக் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது வேலை. வீடு மில்லுக்குப் பின்னால் இருந்த தெருவில். அங்கேதான் அந்தப் பேச்சு வந்தது: "கடலுக்குள்ள தூணு நிக்க மாட்டேங்குதாம். புள்ளைங்க ரத்தம் கேக்குதாம்." யார் சொன்னது என்று விசாரித்துப் பார்த்தேன். எல்லாருக்கும் இன்னொருவர் சொன்னதுதான்.

எதையும் வரிசைப்படுத்திப் பார்க்கிற புத்தி எனக்கு. பயம் ஏறிய வரிசையும் நினைவிருக்கிறது. முதலில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவது நின்றது. பிறகு ரத்தம் கெட்டுப்போகட்டும் என்று பிள்ளைகளின் விரல்களில் சுண்ணாம்பு பூசினார்கள். குழாயடியில் சிரிப்புச் சத்தம் நின்றது. விருந்தாளி வந்த வீட்டை எல்லாரும் முறைத்தார்கள். கடைசியில், ஷிப்டு இல்லாத நேரத்தில் ஆண்கள் தெருமுனையில் தடியோடு உட்கார ஆரம்பித்தார்கள். தடி வந்துவிட்டது, இனி அதற்கு ஒரு ஆள் வேண்டும்.

பக்கத்து வீட்டு ராஜேஸ்வரி அக்காவின் மகளுக்குக் குளிர்காய்ச்சல். "யாருக்கும் தெரியாம வந்து பாத்துடும்மா" என்று அக்காதான் கூப்பிட்டார். குத்தினேன். குழந்தை கத்திய கத்தல் தெரு முழுக்கக் கேட்டது. ரத்தம் தேய்த்த கண்ணாடித் துண்டோடு நான் வெளியே வரவும், அந்தோணி அண்ணன் சாக்கோடு தெருவுக்குள் நுழையவும் சரியாக இருந்தது.

அந்தோணி காலி பாட்டில் வாங்குகிறவர். வெள்ளைக்காரத் தெரு வீடுகளில் ஒயின் பாட்டில்களை வாங்கிக்கொண்டு எங்கள் பக்கம் வருவார். நான் பாவாடை கட்டிய நாளிலிருந்து வருகிறார்.

"இவ எடுக்குறா, அவன் கொண்டுபோறான்" என்றது ஒரு குரல்.

சாக்கைப் பிடுங்கினார்கள். ஒரு பாட்டில் உடைந்து, அடியில் கிடந்த சிவப்பு மண்டி கல்லில் வழிந்தது.

"ரத்தம்டி!"

தடி அவர் தோளில் இறங்கியது. "தொர வூட்டு ஒயினுய்யா! மோந்து பாருங்கய்யா!" என்று கத்தினார். சாயங்காலமானால் சாராயக்கடைக்குப் போகிறவர்கள்தான் எல்லாரும். ஒருவர்கூட மோந்து பார்க்கவில்லை. அடுத்த அடியில் சுருண்டு விழுந்தார். இன்னும் சற்று நேரம் போனால் செத்துவிடுவார் என்று தெரிந்தது.

எனக்கு லேப் மூளை. நிரூபித்தால் நம்புவார்கள் என்று நினைத்தேன். உடையாத பாட்டில் ஒன்றை எடுத்து வாயில் கவிழ்த்தேன். காடிப் புளிப்பு. "ஒயின்தான், பாருங்க" என்று வாயைத் திறந்தேன். பல்லெல்லாம் சிவந்திருக்க வேண்டும்.

"குடிக்கிறாடி! ரத்தத்தக் குடிக்கிறா! எம் புள்ளயயும் குத்திட்டாளே!"

அலறியது ராஜேஸ்வரி அக்கா. தடிகள் என் பக்கம் திரும்பின. எல்லாம் தெரிந்த முகங்கள். கோபமாக வந்திருந்தால் ஏதாவது பேசியிருப்பேன். அவர்களோ இருட்டில் மாட்டிக்கொண்ட குழந்தைகள் போல் உதடு துடிக்க நடுங்கிக்கொண்டு வந்தார்கள். சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அந்தத் துடிக்கும் உதடுகள் இன்றும் கனவில் வருகின்றன.

அப்போது மில் சங்கு ஊதியது. மில் கேட்டை மூடிவிட்டால் அன்றைய கூலி போச்சு. ஒருவர் தடியைப் போட்டுவிட்டு ஓடினார். பின்னாலேயே எல்லாரும்.

அந்தோணி பிழைத்தார். வலது கைதான் அதற்குப்பின் மடங்கவில்லை. குழந்தைக்கு வந்தது மலேரியாவேதான். மாத்திரையை அக்கா வீட்டு வாசல்படியில் வைத்துவிட்டு வந்தேன். நான் என் வீட்டுக்குள் போகும்வரை காத்திருந்து, அதன் பிறகுதான் கதவு திறந்தது.

இப்போது அதே பிள்ளைகளைக் கைபிடித்து அழைத்துக்கொண்டு பாலத்தில் காற்று வாங்கப் போகிறார்கள். அன்றைய பேச்சை யாரும் எடுப்பதில்லை. காய்ச்சல் வந்தால் என் வீட்டுக் கதவைத் தட்டுவதும் நின்றுபோனது. "பாட்டில் இருக்கா தாயே" என்று அந்தோணி அண்ணன் இழுத்துக் கூவும் குரலைத் தெருவின் சின்னப் பிள்ளைகள் கேட்டதே இல்லை. வாங்க ஆள் வராமல், ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலும் காலி பாட்டில்கள் சேர்ந்துகொண்டே இருக்கின்றன.