தோள் தைத்துக்கொண்டவர்களுக்குப் போன் போட்டேன்

தோளில் துளை போட்டு, கேமரா விட்டு, உள்ளே கிழிந்ததைத் தைப்பது டாக்டரின் தொழில், ஆறு மாதம் கழித்து "இப்ப எப்படி இருக்கு?" என்று போன் போட்டுத் திட்டு வாங்குவது என் தொழில். திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நாலு வருஷமாக இதேதான். கையில் ஒரு ஃபாரம், அதில் பன்னிரண்டு கேள்விகள். கேள்வி கேட்டுச் சம்பளம் வாங்கும் சக பாவிகளே, உங்களுக்குப் புரியும்.

ஏழாம் கேள்வி

இதே ஊர் கரமனைப் பக்கத்து மாமி ஒருத்தர், அரசு அலுவலகத்தில் வேலை. பஸ் திடீரென்று பிரேக் போட்டபோது மேல்கம்பியை விடாமல் பிடித்ததில் தோள் நழுவி, மூட்டுக்குழியைச் சுற்றியிருக்கும் வளையம் கிழிந்துவிட்டது. தைத்தாயிற்று. ஃபாரம் தயாரித்த மகான், உலகத்தில் எல்லாருமே விளையாட்டு வீரர்கள் என்று நம்பியிருக்கிறார். "முன்போல் பந்தை வேகமாக எறிய முடிகிறதா?" என்பது ஏழாம் கேள்வி. கேட்டேன். கேட்டுத்தானே ஆகவேண்டும்?

"ஏண்டி கொழந்தே, தலை பின்னிக்க முடியறதான்னு கேளு, சொல்றேன். பந்து எறியவா நான் ஆபீஸ் போறேன்?"

மாப்பிள்ளைத் தோள்

அடுத்தவர் ஒரு இளைஞர், ஆபரேஷன் முடிந்த மூன்றாம் வாரம் கல்யாணம். ஆறு வாரம் கையைத் தாங்கும் பெல்ட்டைக் கழற்றக்கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். கோட்டுக்குள் பெல்ட் நுழையவில்லையாம், கழற்றிவிட்டார். போட்டோகிராபர் பெண்ணைத் தூக்கச் சொன்னார். தூக்கிவிட்டார். வீரம்! நான் போன் செய்தபோது எடுத்தது மணப்பெண்.

"தையல் விட்டுப்போச்சு சேச்சி, மறுபடி ஆபரேஷனாம். பட்சே போட்டோ அடிபொளியா, சூப்பரா வந்திருக்கு, அனுப்பட்டுமா?"

பரோட்டா மாஸ்டர்

தம்பானூரில் ஒரு ஓட்டல் மாஸ்டர், தென்காசிக்காரர். வலி? இல்லை. கை முழுசாக மேலே போகிறதா? போகிறது. பத்துக்குப் பத்து. கடைசியாக, பழைய வேலையைச் செய்கிறீர்களா என்று கேட்டேன். பத்துப் பரோட்டா வீசியதும் தோள் நடுங்குகிறதாம். முதலாளி டீ போடச் சொல்லிவிட்டாராம். "இருபது வருசமா வீசுன கை மேடம்," என்றார். ஃபாரத்தில் 'ஆம்', 'இல்லை' என்று இரண்டே கட்டம். என்ன எழுதட்டும் என்று அவரையே கேட்டேன்.

"ஆபரேஷன் ஜெயிச்சிருச்சுன்னு எழுதிக்கிடுங்க. மாஸ்டர் தோத்துட்டான்னு ஓரத்துல சின்னதா எழுதிக்கிடுங்க."

ஓரத்தில் எழுதியது

அப்படியே எழுதினேன். பிசியோதெரபிஸ்டிடமும் காட்டினேன். அவர் மாஸ்டரை மறுபடி வரவழைத்து, வீசுகிற கைக்கென்றே பயிற்சி கொடுத்தார். மூன்று மாதத்தில் நாற்பது பரோட்டா வரை வந்திருக்கிறார். முன்பு நாளைக்கு நானூறு.

டாக்டருக்கோ டில்லியில் மாநாடு. முடிவுகளை அவசரமாகக் கேட்டார். போன் எடுக்காதவர்களை விட்டுவிடச் சொன்னார். மாப்பிள்ளையை 'சொன்னபடி கேட்காதவர்' என்று கணக்கிலிருந்து ஒதுக்கினார். மாஸ்டரின் ஃபாரத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"டீ போடறதும் வேலைதானே? 'ஆம்'னு போடு. இதுல கதை எழுத இடமில்லை, கேட்டோ."

ஆக, எங்கள் ஆஸ்பத்திரியில் தோள் ஆபரேஷன் தோற்றதே கிடையாது, ஆபரேஷன் செய்துகொண்ட சிலருக்குத் தவிர.