மூத்தது மாதிரி இல்லை

என் இரண்டாவது மகள் பிறந்த அன்றுதான், எனக்குப் பிடித்த பிரிட்டிஷ் ராக் குழுவின் இரண்டாவது ஆல்பமும் வெளிவந்தது. தேனி ஆஸ்பத்திரியில் அறைக்கும் வராந்தாவுக்குமாக நடந்துகொண்டே கேட்டேன். இணையத்தில் எல்லோரும் அதைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். எனக்கும் ஆத்திரம். மூன்றாவது பாட்டிலேயே நிறுத்திவிட்டு, ‘முதல் ஆல்பம் மாதிரி இல்லை’ என்று ஃபேஸ்புக்கில் எழுதிப் போட்டேன்.

அப்போதுதான் ஜெயமங்கலத்திலிருந்து பெரியம்மா வந்தார். குழந்தையை எட்டிப் பார்த்த மாத்திரத்தில் உதட்டைப் பிதுக்கினார்.

“மூத்தவ மாதிரி இல்லையேப்பா. அவ எம்புட்டுக் கலரா இருந்தா!”

கட்டிலில் படுத்திருந்த என் மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“பிள்ளைய முழுசாப் பாத்தீகளா பெரியம்மா? போத்துன துணியக்கூட வெலக்காம வாய்க்கு வந்ததச் சொல்றீகளே!” என்று கத்திவிட்டேன்.

கையிலிருந்த போன் சிணுங்கியது. என் பதிவுக்கு யாரோ லைக் போட்டிருந்தார்கள். நான் எழுதியதை நானே படித்தேன். அதே ‘மாதிரி இல்லை’.

உடனே அழித்தேன். பெரியம்மாவை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அந்த ஆல்பம் இன்றைக்கும் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனால் சின்னவள், நான் கேட்காமல் விட்ட அந்த நான்காவது பாட்டைப் போட்டால்தான் தூங்குகிறாள்.