பப்பாளி மாவும் கிராணியம்மாவின் முகமும்

நாங்கள் வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுவிட்ட பிறகு ஈப்போ டவுனுக்கு வந்தோம். வீட்டுக்காரருக்கு சிம்பாங் பூலாய் பக்கம் கல்லுடைக்கிற இடத்தில் லோரி ஓட்டும் வேலை கிடைத்தது. நான் ஆறாவது வரை படித்தவள். பால்வெட்டு தெரியும், வேறு தொழில் தெரியாது. கோயிலுக்கு வரும் ஒரு அக்கா சொல்லி, சீன அம்மா ஒருவர் நடத்திய அழகு நிலையத்தில் துண்டு துவைக்கச் சேர்ந்தேன். ஒரு வருடம் கழித்து வாடிக்கையாளர் முகத்தில் கை வைக்க விட்டார். எண்பதுகளின் தொடக்கம் அது.

அந்தச் சமயத்தில்தான் புதிதாக ஒரு டின் வந்தது. பப்பாளிப் பாலிலிருந்து எடுத்த மாவு. தோலை இறுக்கும் என்று கண்ணாடிக் கதவில் எழுதி ஒட்டினோம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. முற்றின ஆட்டுக்கறியில் பப்பாளிக்காயை அரிந்து போட்டு வேகவைத்தவள் நான். கறியை இளக்குகிற சாமான் முகத்தை எப்படி இறுக்கும் என்று முதலாளியம்மாவிடம் கேட்டேன். நாங்கள் மலாயில்தான் பேசிக்கொள்வோம்.

“மாவு இறுக்காது. மேல இருக்குற செத்த தோலைத் தின்னும். அப்புறம் உன் கைதான் இறுக்கணும்” என்றார். “செத்ததைத் தின்னு முடிச்சா உயிரோட இருக்குறதைத் திங்க வரும். பத்து நிமிஷம்தான். கடிகாரத்தைப் பாரு, ஆளைப் பாக்காத.”

வெதுவெதுப்பான தண்ணீரில் தயிர்ப் பதத்துக்குக் குழைக்க வேண்டும். தண்ணீர் கொதித்தால் மாவுக்கு வேகம் போய்விடும். கண்ணையும் உதட்டையும் விட்டுவிட்டு, கழுத்திலிருந்து மேல்நோக்கித் தூரிகையால் பூச வேண்டும். காயாமல் இருக்க மேலே ஈரத்துணி. பத்து நிமிடத்தில் துடைத்துவிட்டு, தாடையிலிருந்து காது வரை மேலே மேலே ஏற்றித் தேய்த்து, கடைசியில் குளிர்ந்த பூச்சு. எழுந்து கண்ணாடி பார்ப்பவர்கள் கன்னத்தைத் தட்டிச் சிரிப்பார்கள். நாலைந்து நாள் அந்தப் பிடிப்பு இருக்கும். அதற்கு மேல் இருக்கும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை கதவைத் திறந்துகொண்டு எங்கள் பழைய தோட்டத்துக் கிராணியம்மா வந்தார். கிராணி என்றால் தோட்டத்து ஆபீஸ் கணக்கர். வேலைக்குப் பேர் போடுவது, லீவு கொடுப்பது எல்லாம் அவர் கை. அவர் சம்சாரம் இவர். மேட்டில் அவர்கள் வீடு. ஏதாவது வேண்டுமென்றால் படிக்குக் கீழே நின்று இருமுவோம். கூப்பிடுகிற வழக்கம் இல்லை. அம்மா தூங்கினால் எழுகிற வரை நிற்க வேண்டும். காய்ச்சல் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானே அப்படி நின்றிருக்கிறேன்.

“அட, நீயா! இங்கயா இருக்க?” என்றார். “அடுத்த சனிக்கிழமை மூத்தவனுக்குக் கல்யாணம். சம்பந்தியம்மாவுக்கு என்னைவிட ரெண்டு வயசு கூட. பாத்தா என் தங்கச்சி மாதிரி இருக்கா. என்னா செய்வியோ தெரியாது லா, இந்தத் தாடையைத் தூக்கிக் குடு.”

படுக்கவைத்தேன். மாவைப் பூசி, துணியைப் போர்த்தினேன். முதலாளியம்மா வெளியே போயிருந்தார். ஐந்து நிமிடத்தில் கிராணியம்மா குறட்டை விட்டார்.

பத்து நிமிடம் ஆனது. துணியை எடுக்கக் கை போனது, நின்றுவிட்டது. முகத்தில் கை வைத்தால் விழித்துக்கொள்வார். இருமினேன். இன்னும் கொஞ்சம் பலமாக இருமினேன். வாளியை நகர்த்தினேன். கடிகாரம் என் எதிரில்தான் இருந்தது. இருபத்தைந்து நிமிடம் படுக்கையின் கால்மாட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

“ஐயோ, எரியுதே!” என்று அவரே எழுந்தார்.

துடைத்தால் முகம் மிளகாய் அரைத்துப் பூசினதுபோல் சிவந்திருந்தது. இடது தாடை ஓரம் தோல் கழன்றிருந்தது. குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தேன். முதலாளியம்மா வந்து பார்த்தார். என்னைப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போய், “இவங்க தோலுக்கு ஒத்துக்கலன்னு சொல்லு. வேற எதுக்கும் வாயைத் திறக்காத” என்றார்.

அன்று விரதம். நெற்றியில் திருநீறு வைத்திருந்தேன். பொய் சொல்ல நாக்கு எழவில்லை. கிராணியம்மாவிடம் போய், “பத்து நிமிஷத்துல எடுக்கணும்மா. நான் எடுக்கல” என்றேன்.

“ஏன் எடுக்கல?”

“தூங்கிட்டிருந்தீங்க.”

“எழுப்புறதுக்கு என்னா?”

நான் ஒரு அடி பின்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“எஸ்டேட்ட வித்தாச்சு, மேட்டு வீட்டையும் இடிச்சாச்சு. நீ மட்டும் இன்னும் படிக்குக் கீழயே நிக்கிற” என்றார். “இப்ப யாரு மூஞ்சி வெந்து கெடக்குது? என்னுது.” முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு டாக்சி ஏறிப் போனார்.

முதலாளியம்மா அந்த மாதம் முழுக்க என்னை மறுபடி துண்டு துவைக்க வைத்தார். அது நியாயம். கல்யாணத்துக்கு இருந்தது எட்டு நாள். எட்டு நாளும் அம்மன் கோயிலுக்குப் போய் விளக்கு வைத்தேன். வேலை போகக் கூடாது என்று வேண்டவில்லை. அந்த முகம் ஆற வேண்டும் என்றுதான் வேண்டினேன்.

எனக்கு அழைப்பு இல்லை. ஆனாலும் போனேன், பார்க்காமல் இருக்க முடியவில்லை. மண்டபத்தில் தூணோரம் நின்றேன். சிவப்பு வடிந்திருந்தது. பவுடர் போடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம், வெறும் முகம். இடது தாடையில் உள்ளங்கையில் பாதி அளவுக்குப் புதுத்தோல் வெளிறித் தெரிந்தது. பக்கத்தில் சம்பந்தியம்மா ரோஸ் பவுடரில் பளபளவென்று இருந்தார்.

படக்காரர் கேமராவை இறக்கிவிட்டு, “அம்மா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க. அப்ப அது படத்துல விழாது” என்றார்.

கிராணியம்மா திரும்பவில்லை.

“இருக்குறத எடு லா” என்றார். “சாப்பாட்டுக்கு நேரமாச்சு.”