பக்கத்து வீட்டுச் சட்டி

சம்பளமில்லாத உத்தியோகங்களிலேயே பெரியது, பக்கத்து வீட்டு நாய்க்குப் பக்கத்து வீட்டுக்காரியாக இருப்பது. எனக்கு அந்த வேலைக்கான உத்தரவு, இருட்டிய பிறகு ஒரு சத்தமாக வந்தது. 'கர்ர்ர்ர்... டங்!' கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி 'கர்ர்ர்ர்... டங்!' யாரோ கடப்பாரையை இழுத்துவந்து நம் வீட்டுச் சுவரில் சாய்த்துவைத்து, இளைப்பாறிவிட்டு மறுபடி இழுப்பதுபோல.

உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகிற பஸ்ஸில் வழியில் இறங்க வேண்டிய ஊர். நாங்கள் குடிவந்த புதிது. கணவருக்கு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் நைட் ஷிப்ட். சாயங்காலம் கம்பெனி பஸ் ஏறினால் காலையில்தான் முகத்தைப் பார்க்கலாம். வீட்டில் நானும் ஒன்றரை வயதுப் பாப்பாவும்தான். இப்படி ஒரு பக்கத்து வீடு வாய்த்தவர்கள் உங்களிலும் இருப்பார்கள். ஆனால் நீங்கள் தைரியசாலிகளாக இருக்கலாம். நான் கான்வென்ட்டில் படித்தவள். சிஸ்டர்கள் எனக்கு அழகான கையெழுத்தையும், கரப்பான்பூச்சி முதல் கடவுள் வரை எல்லாவற்றிடமும் ஒரே அளவு பயத்தையும் கற்றுக்கொடுத்து அனுப்பினார்கள். பாப்பா தூங்கிய பிறகு எழுதுகிறேன். நடுவில் அவள் எழுந்துவிட்டால் நீங்கள்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாள் கதவு

அந்தச் சத்தம் கேட்டதும் சமையலறைப் பின்கதவைத் தாழ்ப்பாள் போட ஓடினேன். தாழ்ப்பாள் ஓட்டைக்கு நேராக வரவில்லை. மழையில் ஊறிப் பருத்த கதவு. கீழே உதைத்தால் மேலே பிதுங்கியது. மேலே அழுத்தினால் கீழே வாயைத் திறந்தது. பாப்பாவை ஒரு கையில் வைத்துக்கொண்டு, நிறைந்த கேஸ் சிலிண்டரை இன்னொரு கையால் உருட்டிவந்து கதவுக்கு முட்டுக்கொடுத்தேன். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டே வீட்டு ஓனரம்மாவுக்கு போன் போட்டேன். அவர் பதறவே இல்லை.

"அது ரெண்டாள் கதவும்மா. ஒருத்தர் உள்ளேர்ந்து கீழ அமுத்திக்கினு இருந்தா, இன்னொருத்தர் மேல தாப்பா போட்றலாம். ஏன், உங்க வூட்டுக்காரர் ராத்திரில வூட்டுக்கு வர்றதில்லயா இன்னா?"

திருடன் அகப்பட்டான்

விடிந்ததும் மதில் வழியாக எட்டிப் பார்த்தேன். பக்கத்து வீட்டின் பின்பக்கத்தில் ஒரு வேப்பமரம். மரத்தில் ஒரு சங்கிலி. சங்கிலியின் முனையில், விலா எலும்பெல்லாம் வெளியே தெரிய, செம்பட்டை நிறத்தில் ஒரு நாய். அதன் முன்னால் ஒரு காலி அலுமினியச் சட்டி. நாய் அதை மூக்கால் தள்ளும். சட்டி சிமென்ட் தரையில் 'கர்ர்ர்ர்' என்று போய்த் துவைக்கிற கல்லில் 'டங்' என்று முட்டும். முன்னங்காலால் அதை வாரி இழுத்து, உள்ளே ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்க்கும். வந்திருக்காது. மறுபடி தள்ளும்.

அந்த வீட்டுக்காரர் ஏழுமலை அண்ணன். அவர் மனைவி, மகளின் பிரசவத்துக்காகக் கூரம் போய்விட்டார். அண்ணன் கெட்டவர் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் வயலிலிருந்து வரும்போது பாப்பாவுக்கு வெள்ளரிப் பிஞ்சு கொண்டுவருகிற மனிதரை எப்படி அப்படி எழுதுவது? தனக்கு ஒரு நாய் இருப்பது மட்டும்தான் அவருக்கு நினைவு வராது. ராத்திரிச் சத்தத்தைத் திருடன் என்று நினைத்துப் பயந்ததை அவரிடம் சொன்னேன். "திருடன்லாம் இல்லம்மா. நம்ம துரைதான் சட்டிய உருட்டிக்கினு கீறான். பசிச்சா உருட்டுவான்" என்றார். நாய்க்குப் பசிப்பது உங்களுக்கு எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"அவன் உருட்டும்போதுதான்."

துரைக்குத் தெரியாத பாஷை

பாப்பாவின் துணிகளைக் காயப்போட மதிலோரம் போனால், துரை சங்கிலி இறுகும் வரை பாய்ந்து வருவான். கடிக்கவா, கொஞ்சவா என்று சங்கிலி அறுந்தால்தான் தெரியும். எனக்குத் தெரிந்துகொள்ள விருப்பமில்லை. "சிட்! சிட் டவுன்! கொயட் பிளீஸ்!" என்று கத்தினேன். நம் ஜனங்களுக்கு நாயைக் கண்டால் ஏன்தான் இங்கிலீஷ் வருகிறதோ! எனக்கு 'பிளீஸ்' வேறு சேர்ந்து வந்தது. துரை இன்னும் உற்சாகமாகக் குதித்தான். பல் விளக்கிக்கொண்டிருந்த ஏழுமலை அண்ணன் வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுத்தார்.

"பேருதான் துரை. இங்கிலீசெல்லாம் வராதும்மா அவனுக்கு."

சேர்ந்து விரதம்

ஒரு சனிக்கிழமை, அண்ணன் நெற்றி நிறைய நாமத்தோடு நின்றார். துரைக்குச் சாப்பாடு போட்டாயிற்றா என்று கேட்டேன். போட்டுக்கொண்டுதான் இருந்தேன், புரட்டாசி பிறந்ததும் வீட்டில் கவிச்சி சமைப்பதில்லை, எலும்பு இல்லாமல் வெறும் சோற்றை அவன் தொடமாட்டான் என்றார். வெறும் சோற்றை எப்போதாவது வைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன். அண்ணன் மேலே வானத்தைப் பார்த்தார்.

"நானே இன்னிக்கு ஒரு வேளதான் துண்றேன். அவனும் எங்கூட வெரதம் இருக்கட்டுமே, புண்ணியம் அவனுக்கும்தான சேரும்?"

ஒட்டடைக் கம்பு

அன்று மத்தியானம் தயிர்ச்சாதம் பிசைந்தேன். கிட்டே போய் வைக்க எனக்குக் கால் வராது. பாப்பாவின் பழைய பிளாஸ்டிக் கிண்ணத்தை மதிலைத் தாண்டி இறக்கி, ஒட்டடைக் கம்பால் சங்கிலி எட்டுகிற தூரம் வரை தள்ளினேன். துரை சாதத்தைச் சாப்பிட்டான், கிண்ணத்தை நக்கினான், கம்பின் நுனியிலிருந்த ஒட்டடையையும் நக்கினான். வெறும் சோற்றைத் தொடாத நாய்!

அன்றிலிருந்து தினமும் இதுதான். ராத்திரிச் சத்தம் குறைந்தது. பாப்பா என் இடுப்பிலிருந்தபடியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவரை 'ம்மா' தவிர எதுவும் பேசாதவள், ஒரு நாள் காலையில் ஷிப்ட் முடிந்து வந்த அப்பாவின் முகத்தைத் தடவி, தெளிவாக "தொர" என்றாள். கணவர் பையைக் கீழே வைக்கவில்லை.

"முதல்ல டே ஷிப்ட்டுக்கு எழுதிக் குடுக்கறேன்."

பயத்தின் சொந்தக்காரி

சோறு வைத்தால் போதுமா? பாப்பா மதில் ஓட்டையில் கையை விட ஆரம்பித்தாள். துரைக்கு ஊசி போட்டிருக்கிறார்களா என்று அண்ணனைக் கேட்டால், "எந்த ஊசி?" என்றார். எங்கள் தெரு மாடுகளைப் பார்க்க ஒரு கால்நடை உதவியாளர் பைக்கில் வந்திருந்தார். அவரைப் பிடித்தேன். நாய் யாருடையது என்றார். பக்கத்து வீட்டுடையது என்றேன். நாய்க்காரர் எங்கே என்றார். வயலில் என்றேன். பிடித்துக்கொள்ளவாவது முடியுமா என்றார். நான் இரண்டு அடி பின்னால் போனேன். அவர் பைக்கை உதைத்தார்.

"நாய் உங்களுது இல்ல, சங்கிலி உங்களுது இல்ல, பயம் மட்டும்தான் உங்களுது. நாய் வச்சிருக்கறவர இட்டுனு வாங்க மேடம்."

குரைக்கப் பழக்குதல்

இதற்குள் நான் செய்த தயிர்ச்சாத தர்மம் வேறு பக்கமாகத் திரும்பியது. வயிறு நிறைந்த துரை குரைப்பதை விட்டுவிட்டான். கீரைக்காரி வந்தாலும் வாலை ஆட்டினான், கரண்ட் கணக்கெடுக்க வந்தவருக்கும் வாலை ஆட்டினான். ஏழுமலை அண்ணன் என்னைப் பார்த்து வருத்தத்தோடு சொன்னார்: "கொரைக்காத நாயி எனக்கு எதுக்கும்மா? அறுப்பு முடியட்டும், பெருநகர் ஆத்தாண்ட வுட்டுட்டு வந்துர்றேன்." எனக்குத் தூக்கம் போயிற்று. சங்கிலியிலேயே வளர்ந்தவன். ஆற்றங்கரையில், ஊர் நாய்களின் நடுவில், அவனுக்கு உருட்ட ஒரு சட்டி கூட இருக்காதே.

விடியற்காலையில் மதிலோரம் போனேன். யாருமில்லை. "குரை, துரை. இப்படி" என்று சொல்லி, "லொள்!" என்றேன். அவன் தலையைச் சாய்த்து ரசித்தான். கொஞ்சம் சத்தமாக, "லொள்! லொள்!" இடுப்பிலிருந்த பாப்பாவும் சேர்ந்துகொண்டாள். நாங்கள் இருவரும் நன்றாகப் பழகிவந்த நேரத்தில், பின்னால் கம்பெனி பேக்கோடு கணவர் நின்றுகொண்டிருந்தார்.

"நாய்க்குச் சோறு போடறேன்னுதானே சொன்னே? இது எப்பலேர்ந்து?"

யாருக்கு யார் காவல்

அறுப்பு முடிந்தது. அண்ணன் நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொண்டுபோய்க் கொட்டினார். நம் பக்கத்தில் நெல் போட்டவர்களுக்குத் தெரியும். முறை வருகிற வரை தார்ப்பாயைப் போர்த்தி, நெல்லோடு நெல்லாகப் படுத்துக் கிடக்க வேண்டும். அண்ணன் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். துரையையும் கூட்டிப்போனால் என்ன என்றேன்.

"அப்ப வூட்ட யாரு பாத்துக்கறது?"

"வீட்ல என்ன அண்ணா இருக்கு?"

அண்ணன் திரும்பி வீட்டைப் பார்த்து யோசித்தார். "நெல்லு அங்க. அவ கூரத்துல. வேற இன்னா கீது... துரை கீறான்."

"அப்போ துரையை யாரு பாத்துக்கறது?"

"அதான் நீ கீறியேம்மா."

சத்தம் வராத சாயங்காலம்

அன்று மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. சாயங்காலம் கம்பெனி பஸ் போன கையோடு கரண்ட் போயிற்று. நான் சிலிண்டரை முட்டுக்கொடுத்துவிட்டுப் பாப்பாவைத் தூளியில் போட்டேன். அவளும் தூங்கிவிட்டாள். அப்போதுதான் உறைத்தது. மழையில் மத்தியானச் சோறு வைக்கவில்லை. பசிச்சா உருட்டுவான். ஆனால் 'கர்ர்ர்ர்... டங்' கேட்கவில்லை. எந்தச் சத்தத்துக்குப் பயந்து சிலிண்டரை உருட்டினேனோ, அந்தச் சத்தம் வராதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வரவில்லை.

சிலிண்டரை நகர்த்தினேன். கதவைத் திறந்து மொபைல் டார்ச்சை அடித்தேன். பக்கத்து வீட்டுப் பின்பக்கம் குளமாகியிருந்தது. சட்டி மதிலோரம் மிதந்துவந்து நின்றது. மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடியதில் சங்கிலி முழுக்கச் சுற்றிக்கொண்டு, துரை மரத்தோடு ஒட்டிப் பின்னங்காலில் நின்றான். கழுத்து இறுகி, குரைக்கக் கூட முடியவில்லை. மதிலை எப்படித் தாண்டினேன் என்று கேட்காதீர்கள். நைட்டியின் ஒரு பகுதி இன்னும் மதிலில்தான் இருக்கிறது. "ஹோல்ட் ஸ்டில், துரை, பிளீஸ், டோன்ட் பைட்" என்றேன். அவனுக்கு இங்கிலீஷ் வராது என்று ஞாபகம் வந்தது. எனக்கோ அந்த நேரத்தில் தமிழ் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டிக் கழுத்துப் பட்டையின் கொக்கியைக் கழற்றினேன். கையில் சூடாக ஏதோ பட்டது. பல் இல்லை, நாக்கு.

எனக்கு முன்னால் அவன் மதிலைத் தாண்டி, திறந்த கதவு வழியாக எங்கள் சமையலறைக்குள் போய், ஒரு உதறு உதறினான். நான் பின்னாலேயே ஓடிப்போய் வழக்கம்போலச் சிலிண்டரை முட்டுக்கொடுத்துவிட்டு, பாப்பாவோடு கட்டில் மேல் ஏறி உட்கார்ந்து, கணவருக்கு போன் போட்டு அழுதேன். மெஷின் சத்தத்துக்கு நடுவில் அவர் முழுக்கக் கேட்டார்.

"அப்போ நீ எதுக்குப் பயந்து சிலிண்டர் வைப்பியோ, அதை உள்ளே விட்டுட்டு சிலிண்டர் வச்சிருக்கே?"

கணக்கு நேராயிற்று

மறுநாள் கணவரே துரையைக் கையில் தூக்கிக்கொண்டு, நான் பைக்கை ஓட்ட, உத்திரமேரூர் போய் ஊசி போட்டு வந்தோம். பாப்பா நடுவில் உட்கார்ந்து வழி நெடுக 'லொள்' சொன்னாள்.

மழை விட்டு, நெல்லைப் போட்டு முடித்து, ஏழுமலை அண்ணன் வந்தார். ஈரப்பதம் அதிகம் என்று நெல்லைத் திருப்பி அனுப்ப, மறுபடி காயவைத்து, மனிதர் பாதியாகியிருந்தார். முகத்தைப் பார்த்ததும் நான் தயாராக வைத்திருந்த கோபமெல்லாம் காபி போடப் போய்விட்டது. காலிச் சங்கிலியைப் பார்த்துத் திடுக்கிட்டு எங்கள் வாசலுக்கு வந்து, "டேய் துரை!" என்றார். என் காலுக்குப் பின்னால் நின்றிருந்த துரை, ஊரில் யாரைப் பார்த்தும் குரைக்காதவன், அண்ணனைப் பார்த்துக் குரைத்தான். நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே.

"நான் ஆத்தாண்ட விட விடமாட்டேன் அண்ணா" என்றேன். அண்ணன் துரையைக் குனிந்து பார்த்தார். பாப்பா அவன் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னியே கொரைக்கிறான் பாரேன்... செரி, இங்கயே இருக்கட்டும். ஆனா கொரைக்கறது மட்டும் எங்க வூட்டுக்கும் சேத்து கொரைக்கச் சொல்லும்மா."

இன்று ராத்திரி இவ்வளவையும் எழுதி முடித்துவிட்டுச் சிலிண்டரை உருட்டப் போனபோது, கதவோரம் முதுகைச் சாய்த்துப் படுத்திருந்த துரை தூக்கத்தில் கீழே ஓர் அழுத்து அழுத்தினான், மேலே என் கையில் தாழ்ப்பாள் 'டக்' என்று விழுந்தது, ஆக ஓனரம்மா கேட்ட அந்த இரண்டாவது ஆள் இவ்வளவு நாளாகப் பக்கத்து வீட்டில் சட்டியை உருட்டிக்கொண்டிருந்திருக்கிறான்.