வலிக்காத தோளுக்குத் தைலம்

புற்றுநோய்க்காக என் இடது மார்பை அகற்றி, உள்ளே சிலிக்கோன் பை வைத்திருக்கிறார்கள். போன வருடம் குனிந்து வீடு பெருக்கும்போது, அங்கே துணி கசங்கினாற்போல் மடிப்புகள் தெரிந்தன. பை கிழிந்துவிட்டது, மறுபடி ஆபரேஷன்தான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். கடப்பாக்கத்தில் மீன் வியாபாரம் செய்யும் என் கணவரிடம் அதைச் சொல்லக் கூச்சம். முகம் வாடியிருப்பதைப் பார்த்து அவர் கேட்டபோது, "தோள் வலி" என்றேன். வலிக்காத தோளில் மனிதர் தினமும் தைலம் தேய்த்துவிட்டார்.

கடைசியில் அவரே செங்கல்பட்டுக்கு டாக்டரிடம் அழைத்துப்போனார். அங்கேயும் நான் "தோள்" என்றே ஆரம்பித்தேன். கணவர் குறுக்கிட்டார். "தோளு இல்ல டாக்டரே. வச்ச மாருல மடிப்பு வுழுந்துகீது. எனுக்குத் தெரியாதுன்னு நெனச்சிகினு கீது."

என்னால் தலை நிமிர முடியவில்லை.

பை கிழியவில்லை என்று ஸ்கேனில் தெரிந்தது. "வெறும் மடிப்புக்காக மாத்த வேணாம்மா. இறுகினாலோ, வலிச்சாலோ, வடிவம் மாறினாலோ உடனே வாங்க" என்றார் டாக்டர்.

திரும்பும்போது பஸ்ஸில், "தெரிஞ்சுமா தைலம் தேச்சீங்க?" என்று கேட்டேன்.

"நீயா சொல்லுவேன்னு பாத்துகினு இருந்தேன்" என்றார்.

இப்போதெல்லாம் டாக்டரிடம் முதல் வார்த்தையே மார்பு என்றுதான் சொல்கிறேன். அதற்கு முன்னால் அவரிடம் சொல்லிவிடுகிறேன்.