திராட்சைப் பந்தலுக்கு ஒரு கெடு

சைனிக்புரி வீட்டு வாசலில் நான் வைத்த திராட்சைக்கொடி மூன்று வருடமாகக் காய்க்கவே இல்லை. விதையில்லாத பச்சைத் திராட்சை என்று ஆசை ஆசையாக வாங்கி நட்டது. அரிசி களைந்த தண்ணீரும் சாணி உரமுமாக ஊட்டி வளர்த்தேன். ஒரு கிளையைக்கூட யாரையும் வெட்ட விட்டதில்லை. பந்தல் முழுக்க இலைதான்.

என் கணவர் ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பந்தலைப் பிரித்துக் காருக்குத் தகர ஷெட் போட, சுவரில் சாக்பீஸ் கோடே இழுத்துவிட்டார்.

"தீபாவளி முடிஞ்சதும் ஷெட்காரன் வரான். அதுக்குள்ள ஒரு பூவாவது காட்டு, விட்டுடறேன்" என்றார்.

கெடு விழுந்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. பக்கத்துத் தெருவில் ஒரு அம்மாள் வீட்டுக் கொடி வருடா வருடம் காய்க்கும். அவரிடம் போய்க் கேட்டேன். மழை ஓய்ந்ததும் மொட்டையாக வெட்டிவிட வேண்டும், புதுத் துளிரில்தான் பூ வரும் என்றார்.

ஓடி வந்தால், அன்று ஆயுத பூஜை. ஸ்பேனர், சுத்தியலோடு செடி வெட்டும் கத்தரியும் சந்தனம் குங்குமத்தோடு சாமி முன்னால் கிடந்தது.

"நக்கோ, நக்கோ, வேண்டாம்! நாளைக்கு விஜயதசமி பூஜை ஆனப்புறம்தான் தொடணும்" என்றார் கணவர்.

கெடு வைத்ததும் இவர், கத்தரியைத் தராததும் இவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விஜயதசமி காலையில் கற்பூரம் காட்டிவிட்டு அவரே கத்தரியை என் கையில் கொடுத்தார். நான் வளர்த்ததை நானே வெட்டினேன். கடைசியில் பந்தலில் வெறும் குச்சிகள்.

"இப்ப பிடுங்கறது இன்னும் சுலபம்" என்று கிண்டல் வேறு.

சில நாளில் கணுக்கள் உப்பித் துளிர்விட்டன. தினமும் காபி டம்ளரோடு போய்த் தேடுவேன். இலை, மறுபடியும் இலை. தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்த ஈரத்தலையோடு போய்ப் பார்த்தேன். ஒரு தளிர் இலைக்கு எதிரே கடுகைக் கோத்தது போலப் பச்சையாக ஒரு மொட்டுக் கொத்து. பக்கத்தில் இன்னொன்று.

"ஏங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

அவர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு வந்து வெகுநேரம் பார்த்தார்.

"இது காயாகுமா?"

"ஆகும்" என்றேன். எனக்கும் தெரியாதுதான்.

உள்ளே போனார். ஷெட்காரனுக்குப் போன் போடத்தான் போகிறார் என்று நினைத்தேன். ஈரத்துணியோடு வந்து சாக்பீஸ் கோட்டைத் துடைக்க ஆரம்பித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"கார் என்ன, வெயில்ல உருகியா போயிடும்?" என்றார்.