குதிரை வாய் வைத்த வெல்லம்

ஆற்றுகால் பொங்காலை நாள் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது மதினியின் இறுக மூடிய உதடுகள்தான். ஒரு தட்டு நிறைய அச்சு வெல்லத்தை மடியில் வைத்துக்கொண்டே, உடம்பில் சர்க்கரை குறைந்து சாகப் பார்த்தவர் அவர்.

மதினி என் வீட்டுக்காரரின் அக்கா. புருஷன் போன பிறகு, சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் எங்கள் வீட்டிலேயே இருந்தார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் நடுவில் எனக்கு வாய் வராது. கடையிலும் ஆஸ்பத்திரியிலும் எனக்கும் சேர்த்துப் பேசுவது அவர்தான். "உன் வாய யாருக்குட்டி வாடகைக்கு விட்டிருக்கே?" என்று கேட்காத நாள் கிடையாது.

ஆற்றுகால் அம்மனுக்கு ஊர்ப் பெண்களெல்லாம் தெருவிலேயே அடுப்புக் கூட்டிப் பொங்கலிடும் நாள் அது. பழவங்காடிப் பக்கம் பூட்டிக் கிடக்கும் ஒரு கடை வாசலில் மூன்று செங்கல் வைத்து விடியுமுன்னே இடம் பிடித்துவிடுவோம். கோயிலில் மூட்டிய தீ அடுப்புக்கு அடுப்பு கைமாறி வரும்வரை காத்திருக்க வேண்டும். பொங்கி இறக்கி, பூசாரி வந்து தீர்த்தம் தெளித்த பிறகுதான் மதினி பச்சைத் தண்ணீரே குடிப்பார். ஒரு வருஷம்கூட விட்டதில்லை.

அந்த வருஷம் அவருக்கு இன்சுலின் ஊசி தொடங்கியிருந்தது. கிளம்பும்போது வழக்கம்போலப் போட்டுக்கொண்டார். "ஏதாவது சாப்பிடணுமே மதினி" என்றேன். "ஊசி என்ன சோறாட்டி? அதுனால நோம்பு முறியாது" என்றார். ஊசி நோன்பை என்ன செய்யும் என்றுதான் இருவரும் யோசித்தோம். நோன்பிருக்கையில் ஊசி என்ன செய்யும் என்று யோசிக்கவில்லை.

வெயில் ஏறியது. தீ இன்னும் வரவில்லை. மதினியின் நெற்றியிலிருந்து வேர்வை சொட்டுச் சொட்டாக மடியிலிருந்த தட்டின் விளிம்பில் விழுந்தது. கை நடுங்கியது. "அவுங்க கடை சாத்திட்டாங்களா?" என்று, செத்துப் பல வருஷமான புருஷனைக் கேட்டார். வேர்த்து நடுங்கினால் உடனே இனிப்புக் கொடுக்க வேண்டும் என்று நர்ஸ் சொன்னது எனக்குத் தெரியும். ஒரு வெல்லத்தை உடைத்து அவர் வாயருகே கொண்டுபோனேன். உதட்டை மூடிக்கொண்டு என் கையைத் தட்டிவிட்டார்.

"அம்மைக்கு வச்சத நான் திங்கவா? தள்ளிப் போட்டி, மாபாவி."

அடுத்த அடுப்பு மலையாளத்துச் சேச்சி எழுந்து வந்தாள். "ஐயோ, ஆம்புலன்ஸ் விளிக்கு!"

"எது வழி வரும்? ரோடு முழுக்க அடுப்பல்லே?" என்றாள் இன்னொருத்தி.

எல்லாரும் ஆளுக்கொன்று சொன்னார்கள். சொல்ல வேண்டிய நான் நின்றுகொண்டிருந்தேன். தட்டு மதினியின் மடியிலிருந்து நழுவியது, கையில் வாங்கிக்கொண்டேன். அவர் கண் சொருகத் தொடங்கியிருந்தது.

அப்போதுதான் குதிரை வந்தது. கூட்டத்தைப் பார்த்துக்கொள்ள வந்த போலீஸ் குதிரை. செம்பழுப்பு நிறம், கடை ஷட்டர் உயரம். எங்கள் கூச்சலைக் கேட்டு, மேலே இருந்தவர் அதை நிறுத்திச் சேச்சியிடம் என்னவென்று விசாரித்தார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே குதிரை தலையைத் தாழ்த்தி, என் கையிலிருந்த தட்டில் ஒரு வெல்லத்தை உதட்டால் கவ்வி எடுத்து மென்றது.

பெண்கள் கத்தினார்கள். "பேடிக்கண்டா அம்மா, அவன் ஒண்ணும் செய்யான். வெல்லம் கண்டா விடமாட்டான்" என்று போலீஸ்காரர் கடிவாளத்தை இழுத்தார்.

அந்தச் சத்தத்தில் மதினி கண்ணைத் திறந்து தட்டைப் பார்த்தார். "எல்லாம் எச்சிலாயிட்டே! இனி அம்மைக்கு என்னத்தட்டி..."

வாய் திறந்திருந்தது. குதிரை தொடாமல் அடியில் கிடந்த ஒன்றை உடைத்து உள்ளே திணித்தேன். "இனி இது அம்மைக்கு ஆகாது! தின்னுங்க மதினி!" என்று கத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்தது. மதினியும் என்னைப் பார்த்தார். பிறகு மென்றார்.

இரண்டாவது துண்டு கரைவதற்குள் நடுக்கம் குறைந்தது. கொஞ்ச நேரத்தில் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஆனால் நோன்பு போச்சே என்று அழத் தொடங்கிவிட்டார். "அது மருந்தல்லே சேச்சி? ஊசி போலத்தன்னே" என்றாள் அடுத்த அடுப்புக்காரி. மதினி மூக்கைச் சிந்திக்கொண்டே யோசித்தார். ஊசி என்றதும் அவருக்குச் சரியாகப் பட்டது. சுற்றியிருந்த அடுப்புகளிலிருந்து ஆளுக்கொரு வெல்லம் எங்கள் இலைக்கு வந்தது. தீயும் வந்தது. மதினியின் பானை அந்த வருஷமும் பொங்கி வழிந்தது.

"அம்மைதான் குதிரைய அனுப்பிச்சா" என்று கடைசிவரை பார்த்தவரிடமெல்லாம் சொன்னார். நாலு வருஷம் முன்பு, தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார்.

இப்போது அதே கடை வாசலில் நான் தனியாக அடுப்புக் கூட்டுகிறேன். எனக்கும் சர்க்கரை வந்துவிட்டது. ஊசி போட்டு, இரண்டு இட்லி தின்றுவிட்டுத்தான் போகிறேன். பக்கத்துப் பெண்கள் குதிரைக் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்பார்கள். சொல்வேன். கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். ஒன்றை மட்டும் அவர்களிடம் சொன்னதில்லை, மதினியிடமும் சொன்னதில்லை.

அந்தக் குதிரை சட்டென்று வாய் வைக்கவில்லை. முதலில் என் தோளை முகர்ந்தது. பிறகு மெல்லத் தட்டுப் பக்கம் திரும்பியது. தட்டை விலக்க எனக்கு நேரம் இருந்தது. நான் அதை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன்.